கச்சேரிக்குப் போனோம்!

கச்சேரி என்றதும் தோழர்கள் காதைத் தீட்டிக்கொள்ள வேண்டாம். வீணை இல்லை, மிருதங்கம் இல்லை, முன்வரிசையில் அமர்ந்து தொடை தட்டும் கனவான்களும் இல்லை. நாம் போனது பாட்டுக் கச்சேரிக்கு அல்ல. நம் பாட்டன் போன கச்சேரிக்கு! கலெக்டர் கச்சேரி, தாலுக்கா கச்சேரி என்று நம் கிழவர்கள் சொல்லுவார்களே, அந்தக் கச்சேரிக்கு. அங்கேயும் ஒரு காலத்தில் தாளம் இருந்தது, உழவனின் முதுகிலே. ராகமும் இருந்தது, வலி பொறுக்காமல் அவன் இழுத்த ராகம். கேட்டு ரசித்தவர்கள் நாற்காலியில் இருந்தார்கள். பாடியவன் வெயிலில் நின்றான்.

இந்தப் பயணத்துக்கு நம்மைக் கிளப்பியவர் ஜப்பானில் வேலை பார்க்கும் ஒரு தோழர். நம் தென்னார்க்காட்டுப் பிள்ளை. வெல்டிங் வேலைக்குப் போனவர். விடுமுறை நாளில் மலையடிவாரத்து ஊர் ஒன்றுக்குப் போய், அங்கே எடுத்த படங்களை அனுப்பியிருந்தார். ஊரின் பெயர் தகயாமா. படத்தில் இருந்தது அரண்மனையும் அல்ல, ஆலயமும் அல்ல. ஒரு பழைய அதிகாரியின் அலுவலகம்! "அண்ணே, நம்ம ஊர்ல இதுமாதிரி ஒண்ணு இருக்குதா?" என்று ஒரு வரி எழுதியிருந்தார். அந்த ஒரு வரி நம்மைத் தூங்கவிடவில்லை.

தகயாமா ஜின்யா என்பது அந்த இடத்தின் பெயர். ஜப்பானை மன்னர் பெயரால் ஆண்டவர் ஷோகன் என்னும் படைத்தலைவர். மன்னருக்குப் பெயர், இவருக்குப் பிடி! அந்த ஷோகனின் சர்க்கார் 1692-இல் ஹிடா மலைநாட்டைத் தன் நேரடி ஆட்சியில் எடுத்துக்கொண்டது. மலையில் மரம் இருந்தது, மண்ணுக்குள் உலோகம் இருந்தது, விடுவார்களா? 177 ஆண்டுகளில் 25 அதிகாரிகள், ஒருவர் பின் ஒருவராக அந்தக் கச்சேரியில் அமர்ந்தார்கள். வரி வாங்குவதும் அவரே, வழக்குக் கேட்பதும் அவரே, தண்டிப்பதும் அவரே. ஷோகன் ஆட்சி 1868-இல் ஒழிந்த பிறகும் அது அரசு அலுவலகமாகவே இருந்து, 1969-இல்தான் காலி செய்யப்பட்டது. காலியான கட்டிடத்தை இடித்து வணிக வளாகம் கட்டவில்லை அவர்கள். பழைய வரைபடங்களை எடுத்து, இல்லாமல் போன பகுதிகளை இருந்தபடியே திரும்பக் கட்டினார்கள். வேலை முடிந்தது 1996-இல்.

என்ன வைத்திருக்கிறார்கள் உள்ளே? அதிகாரி தேநீர் அருந்திய அறை இருக்கிறது. மூட்டை மூட்டையாய் வரி நெல் குவிந்த களஞ்சியம் இருக்கிறது. அதோடு விட்டிருந்தால் நாம் இதை எழுத மாட்டோம். விசாரணை முற்றமும் இருக்கிறது, தோழர்களே! பாய் விரித்த மேட்டில் அதிகாரி. கீழே கூழாங்கல் பரப்பிய தரையில் குடியானவன். பக்கத்திலேயே சித்திரவதைக் கருவி. முக்கோணமாய்ச் செதுக்கிய கட்டைகளை விளிம்பு மேலே இருக்கும்படி வரிசையாய் வைத்து, அதன்மேல் முழந்தாளிட வைப்பார்கள். மடியில் கல்பலகை. ஒத்துக்கொள்கிறாயா? இல்லையா? இன்னொரு பலகை. அந்தக் கட்டையும் கல்லும் அங்கே பார்வைக்கு இருக்கின்றன. பள்ளிப் பிள்ளைகள் வந்து பார்க்கிறார்கள்.

அந்தக் கட்டிடத்திலேயே இன்னொரு வேடிக்கை. ஆணியின் தலையை மறைக்கப் பொருத்திய தகட்டிலெல்லாம் முயல் உருவம். ஏன் முயல் என்று கேட்டால், முயலுக்குக் காது நீளம், அதுபோல அதிகாரியும் மக்கள் குறையைக் காது நீட்டிக் கேட்க வேண்டும் என்பதற்காகவாம்! சுவரிலே முயல் காது. முற்றத்திலே முழங்காலில் கல். இந்த வித்தை நமக்கும் புதிதல்ல. வாசலில் திருக்குறளை எழுதிவைத்துவிட்டு உள்ளே வேறு பாடம் நடத்திய அலுவலகங்களை நாம் பார்க்காததா?

அந்த மலைநாட்டு உழவர்கள் சும்மா இருந்துவிடவில்லை. 1771-இல் மூண்ட கிளர்ச்சி, அடங்கி அடங்கி எழுந்து, 1788 வரை நீடித்தது. ஒஹாரா என்ற அதிகாரியும் அவருக்குப்பின் அவர் மகனும் நிலத்தை மறுஅளவு செய்து வரியை ஏற்றினார்கள் என்பதே மூலம். கிளர்ச்சித் தலைவர்கள் பலர் கொல்லப்பட்டார்கள். அவர்களில் ஜென்குரோ என்ற இளைஞனுக்கு வயது 18. சாகுமுன் மனைவிக்கு அவன் எழுதிய கடிதத்தை அந்த ஊர் இன்றும் மறக்கவில்லை. முடிவில் அதிகாரியின் மகன் தீவுக்கு நாடுகடத்தப்பட்டார். 18 வயதுப் பிள்ளையைக் கொன்ற ஊரில் அந்தப் பிள்ளையின் பெயர் நிற்கிறது.

சரி, நம் ஊர்? புறப்பட்டோம் கடலூருக்கு.

முதலில் தேவனாம்பட்டினம். செயின்ட் டேவிட் கோட்டை இருந்த இடம். 1690-இல் செஞ்சியில் இருந்த மராட்டிய ராஜாராமிடம் வெள்ளைக் கம்பெனி விலைகொடுத்து வாங்கிய கோட்டை. கோட்டையோடு எவ்வளவு நிலம்? சங்கிலி போட்டு அளக்கவில்லை, கயிறு பிடிக்கவில்லை. பீரங்கியில் குண்டைப் போட்டு வெடிப்பது. அது எவ்வளவு தூரம் போய் விழுகிறதோ அதுவரை கம்பெனிக்குச் சொந்தம்! குண்டு விழுந்த எல்லையின் நினைவுதான் குண்டு உப்பலவாடி, குண்டுசாலை என்னும் பெயர்கள் என்பார்கள். அந்தச் சாலையில் தினமும் சைக்கிளில் போகும் தோழர்களே, உங்கள் பாட்டனின் கொல்லை எந்த நாட்டான் கைக்குப் போகிறது என்பதை ஓர் இரும்பு உருண்டை தீர்மானித்திருக்கிறது. உழுதவனை யார் கேட்டார்கள்? விற்றவனும் உழவில்லை, வாங்கியவனும் உழவில்லை.

கோட்டையை 1758-இல் பிரெஞ்சுக்காரன் லாலி பிடித்துத் தகர்த்தான். இப்போது சில இடிபாடுகளும் கடல்காற்றும்தான். சுண்டல் விற்கும் பையன் ஒருவனிடம் கோட்டை எங்கே என்று கேட்டோம். "கோட்டையா? இங்க பீச்சுதாண்ணே இருக்குது" என்றான். அவன்மேல் குற்றமில்லை.

அங்கிருந்து மஞ்சக்குப்பம். 1801-இல் கர்நாடக நவாப்பிடமிருந்து ஆட்சி கம்பெனி கைக்குப் போன நாள்முதல் தென்னார்க்காடு முழுவதையும் ஆட்டிவைத்தது இந்த ஊர். கிளைவ் இருந்த கார்டன் ஹவுஸ் இங்கே. நூறாண்டு கண்ட பழைய கலெக்டர் கச்சேரி இங்கே. எதிரே மைதானம். கழகத்தின் எத்தனை கூட்டங்களுக்கு இந்த மண்ணில் துண்டை விரித்து உட்கார்ந்திருப்பீர்கள்! கலெக்டர் இப்போது புதிய கட்டிடத்துக்குப் போய்விட்டார். பழைய கட்டிடத்தின் சுவர்கள் கனம், கூரை உயரம், வராந்தா நீளம். அழகுதான், மறுக்கவில்லை. நின்று பார்த்தோம். பார்க்கப் பார்க்க ஒரு கேள்விதான் எழுந்தது. இதிலே குடியானவன் நின்ற இடம் எது?

கேள்வியைக் கட்டிடத்திடம் கேட்டுப் பயனில்லை. காகிதத்திடம் கேட்டோம், காகிதம் பேசியது.

1854-இல் லண்டன் பார்லிமெண்டில் டேன்பி செய்மூர் என்ற உறுப்பினர் எழுந்து, சென்னை ராஜதானியில் வரி வசூலுக்காக மக்களைச் சித்திரவதை செய்கிறார்கள் என்று குற்றஞ்சாட்டினார். அவரைப் பேசவைத்த பெருமையில் பெரும்பங்கு சென்னையில் 'கிரெசெண்ட்' ஏடு நடத்திய காஜுலு லட்சுமிநரசு செட்டியாருக்கு உண்டு. ஒரு பத்திரிகைக்காரனின் பேனா கடல்தாண்டிக் குத்தியது! வேறு வழியில்லாமல் எலியட், ஸ்டோக்ஸ், நார்ட்டன் என்ற மூவரைக் கொண்ட விசாரணைக் குழுவைச் சென்னையில் அமர்த்தினார்கள். குழு 1855-இல் அறிக்கை தந்தது. வந்த புகார்கள் 1,959. அவற்றில் நேரில் வந்து சொன்னவர்கள் 519 பேர், எழுதியனுப்பியவை 1,440. நேரில் வருவதென்றால் சும்மாவா? தென்னாட்டில் முதல் ரயில் ஓடியதே 1856 ஜூலை 1-ஆம் நாள். கடலூரிலிருந்து சென்னைக்கு நூறு மைலுக்கு மேல். கட்டுச்சோறு மூட்டையோடு, காலே வண்டியாக நடக்க வேண்டும். ராஜதானியின் பல மூலைகளிலிருந்தும் அப்படி நடந்துவந்தான் தமிழன், நடந்துவந்தான் தெலுங்கன். பட்ட அடியை மறைத்து வாழ்பவனைக் கோழை என்று இகழும் வீரர்கள் இந்த நடையை எண்ணிப் பார்க்கட்டும்!

என்ன செய்தார்களாம்? கேளுங்கள். கிஸ்தி பாக்கிக்காரனை உச்சிவெயிலில் நிறுத்துவது. சோறு தண்ணீர் காட்டாமல் அடைப்பது. குனியவைத்து முதுகில் கல்லேற்றுவது. கழுத்தில் கயிறு போட்டுக் கால் கட்டைவிரலோடு சேர்த்துக் கட்டி, நிமிர முடியாமல் மணிக்கணக்கில் விடுவது. இதற்கு அண்ணாந்தாள் என்று பெயர். அடங்காத மாட்டுக்குப் பூட்டுகிற பூட்டு! இரண்டு கட்டைகளை ஒரு முனையில் கட்டி, இடையே விரலைக் கொடுத்து நெருக்குவது, இது கிட்டி. "கிட்டி கட்டினாலும் வாயைத் திறக்க மாட்டான்" என்று நம் பாட்டிகள் சொல்லக் கேட்டிருப்பீர்களே, அந்தச் சொல் வந்த வழி இதுதான். இரண்டு பேரின் குடுமியைச் சேர்த்து முடிச்சுப் போடுவது. எருமை வாலில் தலைமயிரைக் கட்டுவது. ஜப்பானில் மடியிலே கல், இங்கே முதுகிலே கல். கடல் இடையே கிடந்தாலும் கச்சேரிகள் ஒன்றுக்கொன்று சம்பந்திகள்தாம்.

செய்தவன் யார்? அங்கேதான் குழு ஒரு சாமர்த்தியம் செய்தது. வெள்ளை அதிகாரிகளுக்கு இதில் பங்கில்லை, எல்லாம் சுதேசிச் சேவகர்களின் கைவரிசை என்று சொல்லிக் கைகழுவியது. மேலே இருப்பவன் பணம் கேட்பான், எப்படி வந்தது என்று கேட்கமாட்டான். இந்தத் தந்திரத்தைத் தொலைவிலிருந்தே பிடித்துவிட்டார் ஒருவர். லண்டனில் வறுமையோடு போராடிக்கொண்டிருந்த கார்ல் மார்க்ஸ்! 1857 செப்டம்பரில் 'நியூயார்க் டெய்லி டிரிபியூன்' ஏட்டில் இந்தச் சென்னை அறிக்கையை எடுத்து வைத்துக்கொண்டு, சிப்பாய்களின் கொடுமை என்று கூச்சலிடும் சீமான்களே, உங்கள் கொடுமைக்கு உங்கள் ஆவணமே சாட்சி என்று உலகுக்குக் காட்டினார். நம் குடியானவனின் விரல்வலி மார்க்சின் எழுத்தில் ஏறியிருக்கிறது. மே தினத்தில் அவர் படத்தைத் தூக்கிச் செல்லும் தோழர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

சுதேசிச் சேவகர் என்றானே, அவர்கள் யார் என்பதையும் நாம் மறைக்க வேண்டியதில்லை. மேலே சிரஸ்தார், தாசில்தார். அங்கே யார் அமர்ந்திருந்தார்கள் என்பது நம் இயக்கம் பிறந்த கதையைப் படித்தவர்களுக்குத் தெரியும். பல மாவட்டங்களில் வருவாய்க் கணக்கையே மராத்தியில் எழுதிய காலம் அது. உத்தரவு ஆங்கிலத்தில், கணக்கு மராத்தியில், அடி மட்டும் தமிழில்! கீழே மணியக்காரரும் கர்ணமும். அப்பனுக்குப்பின் மகன், மகனுக்குப்பின் பேரன். அந்தப் பரம்பரைப் பாத்தியதை ஒழிந்தது 1980 நவம்பரில். ஒழித்தது எம்.ஜி.ஆர். ஆட்சி. மாற்று முகாம் செய்ததாயினும் நல்லதை நல்லது என்று சொல்ல நமக்குக் கூச்சமில்லை.

ஆனால் இதற்கும் கீழே ஒருவன் இருந்தான். அவன் பெயரில் பட்டா இல்லை, ஆகவே கிஸ்தி இல்லை, பாக்கியும் இல்லை. அவன்தான் சேரியிலிருந்து வந்து ஏர் பிடித்தவன். 1843-இல் சட்டம் போட்டு அடிமைமுறையை இனி ஏற்பதில்லை என்று சொன்ன பிறகும், பண்ணையின் சாட்டைக்கு அந்தச் சட்டம் படிக்கத் தெரியவில்லை. தாசில்தார் முன்னே முதுகு வளைத்த அதே மிராசு, ஊருக்குத் திரும்பியதும் பண்ணையாளின் முதுகைத் தேடினான். வாங்கியதை இறக்கிவைக்க ஓர் இடம் வேண்டுமே! அந்தக் கடைசி மனிதன் எந்தக் குழுவுக்கு மனு எழுதுவான்? நாம் வெள்ளையனை மட்டும் ஏசிவிட்டு, பார்ப்பன சிரஸ்தாரை மட்டும் ஏசிவிட்டு, இந்த மிராசின் சாட்டையை விட்டுவிட்டால் நம் கணக்கும் கள்ளக்கணக்கே.

இந்த நினைப்போடு கெடிலத்துப் பாலத்தருகே வந்தோம். பெரியார் சிலை. 1944-இல் இந்தக் கடலூரில் இரவு வேளையில் ரிக்ஷாவில் போன பெரியார்மீது ஒரு செருப்பை வீசினான் எவனோ. ஒற்றைச் செருப்பு யாருக்கும் உதவாதே என்று வண்டியைத் திருப்பச் சொன்னார் கிழவர். மற்றதும் வந்து சேர்ந்தது. இன்று அங்கே சிலை நிற்கிறது. அவமானம் நடந்த இடத்தை அடையாளம் வைத்துக் காப்பாற்றும் வித்தை நமக்குத் தெரியாததல்ல என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? பின் ஏன் கச்சேரிக்கு ஓர் அடையாளம் இல்லை?

பாஞ்சாலங்குறிச்சியில் 1974-இல் கட்டபொம்மனுக்குக் கலைஞர் ஆட்சியில் கோட்டை எழுந்தது. கீழடியில் 2023-இல் அருங்காட்சியகம் திறந்தோம்; 2,000 ஆண்டுக்கு முந்திய தமிழனின் பானையோட்டைக் கண்ணாடிப் பெட்டியில் பார்த்துப் பூரித்தோம். பூரிக்க வேண்டியதுதான். 170 ஆண்டுக்கு முந்திய தமிழனின் நசுங்கிய விரலுக்கும் ஒரு பெட்டி வையுங்கள் என்கிறோம். கடலூரில் வையுங்கள். ஒரு கூடம் போதும். தாசில்தாரின் மேடை, எதிரே வெயில் விழும் முற்றம், ஒரு கிட்டி, ஒரு கல், 1855 அறிக்கையின் தமிழாக்கம். செலவு பெரிதல்ல. பிள்ளைகள் அந்த வெயிலில் ஐந்து நிமிடம் நிற்கட்டும்.

"முடிந்துபோன கதைதானே" என்பார் சிலர். முடிந்ததா? அந்த அறிக்கைக்குப்பின் 1859-இல் சென்னைப் போலீஸ் சட்டம் வந்தது. வரி வாங்குகிற கையிலிருந்து லத்தி பிரிக்கப்பட்டது. 1860-இல் இந்தியத் தண்டனைச் சட்டம். அதன் 330-ஆம் பிரிவில், வரி பாக்கிக்காக வருவாய் அதிகாரி ஒருவன் சித்திரவதை செய்தால் குற்றம் என்று எடுத்துக்காட்டே எழுதிவைத்தார்கள். சென்னைக்கு நடந்துபோன கால்களை நினைத்துக்கொண்டு அந்த வரியைப் படித்துப் பாருங்கள். சட்டம் நன்றாகத்தான் இருந்தது. ஆயினும் 1992-இல் சிதம்பரத்தை அடுத்த அண்ணாமலை நகர் காவல் நிலையத்தில் ஓர் ஏழை காவலில் மாண்டார். அவர் மனைவிக்கு நேர்ந்ததை எழுத நம் பேனா கூசுகிறது. 1993-இல் இதே மாவட்டத்தில், முதனை கிராமத்துக் குறவர் சமூகத் தொழிலாளி ஒருவர் கம்மாபுரம் போலீஸ் காவலில் அடிபட்டு மாண்டார். தப்பி ஓடிவிட்டான் என்று கணக்கெழுதினார்கள். அவர் மனைவி விடவில்லை. அன்று வழக்கறிஞராயிருந்த சந்துரு வாதாடினார், போலீசார் தண்டிக்கப்பட்டார்கள். 2021-இல் 'ஜெய் பீம்' படமாக வந்தபோது கைப்பேசிகளெல்லாம் கண்ணீர் விட்டன. படத்துக்குக் கைதட்டிய நாம், நம் தெருவுக் காவல் நிலையத்தில் நள்ளிரவில் கேட்கும் சத்தத்துக்கு ஜன்னலைச் சாத்திக்கொள்கிறோமா, இல்லையா?

அந்தச் சட்டத்துக்கு 2024 ஜூலை 1 முதல் பெயரும் மாறிவிட்டது. பாரதிய நியாய சன்ஹிதா! 330 போய் 120 வந்தது. அடிபட்டவன் எந்தச் சட்டப்படி முறையிடுவது என்று கேட்டால், பெயரைச் சொல்லவே நாக்குக்கு நாலு நாள் பயிற்சி வேண்டும். மராத்திக் கணக்கு போய் ஆங்கில உத்தரவு வந்து, அதுவும் போய்ச் சமஸ்கிருதத் தலைப்பு!

சிதம்பரத்தில் இறங்கியதும் இராசேந்திரன் சிலைக்குப் போனோம். 1965 ஜனவரி 27-ஆம் நாள், இந்தியை எதிர்த்து ஊர்வலம் வந்த அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர்கள்மேல் போலீஸ் சுட்டது. சிவகங்கையிலிருந்து படிக்க வந்த பிள்ளை விழுந்தான். ஜென்குரோவுக்கு 18. நம் பிள்ளையும் மீசை அரும்பும் பருவம்தான். கச்சேரியில் நம் மொழி ஒலிக்க வேண்டும் என்பதும், கச்சேரியில் நாம் நிமிர்ந்து நிற்க வேண்டும் என்பதும் ஒரே கோரிக்கை. அதற்குத்தான் அவன் உயிர்.

சிதம்பரம் என்றால் நந்தன் நினைவு வராமலா போகும்? பண்ணையாரிடம் விடுப்புக் கேட்டுக் கேட்டு, நாளைப் போவேன் நாளைப் போவேன் என்றே பெயர் வாங்கியவன். அவன் சந்ததிக்குக் கச்சேரி சொன்ன பதில் "நாளை வா". நாளைப் போவாரும் நாளை வா-வும் எத்தனை தலைமுறையாய் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள்!

ஊர் திரும்புமுன் ஒரு தோழரின் பட்டா வேலையாக ஓர் அலுவலகத்துக்குப் போக நேர்ந்தது. எந்த அலுவலகம் என்பது இங்கே வேண்டாம். வராந்தாவில் பெஞ்சு காலியாகக் கிடந்தது. ஏழெட்டுப் பேர் நின்றுகொண்டிருந்தார்கள். நம் கட்சிக்காரர் ஒருவரும் அங்கே இருந்தார். மனுவுக்கு இவ்வளவு என்று பேசி உள்ளே வாங்கித் தருகிறவர். நம்மைக் கண்டதும் தூணுக்குப் பின்னால் போனார். தூண் அவரை மறைக்கவில்லை. அவருக்குச் சொல்ல வேண்டியதை அவரிடமே சொல்லிவிட்டோம்.

நின்றவர்களில் ஒரு பெரியவர். எழுபதுக்கு மேல் இருக்கும். தோளில் கறுப்பு சிவப்புக் கரை போட்ட துண்டு. ஒரு காலத்தில் தோளில் துண்டு போட்டால் உதை விழுந்த சாதியில் பிறந்தவர். இந்தத் துண்டைத் தோளில் ஏற்றுவதற்காகவே கழகத்துக்கு வந்தேன் என்று நம்மிடம் பேச்சோடு பேச்சாகச் சொன்னார். மாநாடு மாநாடாகப் போனவர். உள்ளேயிருந்து ஆள் வந்து அவர் பெயரைக் கூப்பிட்டது. பெரியவர் மனுவை எடுத்தார். எடுத்த கையோடு, தானறியாமலே, துண்டை இழுத்து அக்குளில் சுருட்டி வைத்துக்கொண்டார்.

நாம் அதை உருவி, உதறி, மறுபடி அவர் தோளில் போட்டோம்.

பெரியவர் சிரித்தார். "இருக்கட்டும் தம்பி, உள்ள போய் வந்து போட்டுக்கறேன்" என்று சொல்லி, துண்டை நம் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.